பழைய ஸ்கூட்டரின் கடதாசி

ஜனவரி 9, வெள்ளி

மீன் கொம்பனியில் புது வருட டயறி தந்தார்கள். ஒவ்வொரு வருடமும் நான் கொண்டுவந்து என் மனுசனிடம் கொடுப்பேன், அவர்தான் எழுதுவார். எந்தக் குளத்தில் எத்தனை மீன், எத்தனை லீட்டர் பெற்றோல், எவ்வளவு குளிர். இந்த வருடம் எழுத ஆள் இல்லை. குப்பையில் போடப் பார்த்தேன். மட்டை நல்ல மட்டை, மனம் வரவில்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிழை வந்தால் வரட்டும். வாசிக்கப் போகிறவர் யார்?

இன்றைக்குப் புழு அதிகம். என் வேலை அதுதான். கண்ணாடி மேசை, கீழே லைற் எரியும். தோலுரித்த மீன் துண்டை அதன்மேல் விரித்தால் சதைக்குள் சுருண்டு கிடக்கிற புழு நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் கிளப்பி வாளிக்குள் போட வேண்டும். இருபத்திரண்டு வருடம். வெள்ளைக்காரர்கள் இந்த மீனை வெண்ணெயில் பொரித்துக் கண்ணை மூடித் தின்கிறார்கள். நான் தின்பதில்லை.

வாசல் பனியை இன்றைக்கும் அவன் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். அவன் என்றால் குணசீலன். அந்தப் பேரை எழுதவே கை கூசுகிறது.

ஜனவரி 12, திங்கள்

தர்சிகா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டாள்.

“அம்மா, அப்பான்ர ஸ்கூட்டரைக் குடுத்திட்டுப் புதுசு ஒண்டு எடுக்கப் போறன்.”

ஸ்கூட்டர் என்றால் என்ன என்று ஊரில் தங்கச்சிக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சில்லு இல்லை. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் அகலமான றப்பர் பட்டி. பனிக்கு மேலே ஓடும். நோர்வேயின் இந்த வடக்கு முனையில் அது இல்லாவிட்டால் குளிர்காலத்தில் றோட்டை விட்டு ஒரு அடி இறங்க முடியாது.

அந்தச் சனியன்தான் அவரைக் கொன்றது. போன மார்ச் பதினோராம் திகதி குளத்து ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போனவர். திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற பழைய மெஷின். இழுத்திருக்கிறார். இழுத்து இழுத்து நெஞ்சடைத்து, அதில் சாய்ந்தபடியே போய்விட்டார். மீட்புக் குழுவோடு தேடிப் போனவர்கள் காணும்போது கயிற்றின் பிடி கைக்குள் இருந்ததாம். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அதை ஆஸ்பத்திரியில் நானே பார்த்தேன்.

அந்த மெஷினை அவருக்கு விற்றவன் குணசீலன், அண்ணை அண்ணை என்று அவரோடு கூடித் திரிந்தவன். இந்தக் குசினியில் இருந்து, என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டு, “நல்ல மெஷின் அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்” என்றான். அவர் கண்ணை மூடிவிட்டார்.

“புதுசு எண்டா ஒரு பட்டனை அமத்தினாக் காணும் அம்மா. கயிறு இழுக்கத் தேவையில்லை,” என்றாள் தர்சிகா. தகப்பன் போன பிறகு இவளும் அந்த மீட்புக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். நல்ல ஸ்கூட்டர் இல்லாதவர்களை மலைக்கு அனுப்ப மாட்டார்களாம்.

“குடு. ஆனா கடைக்காரன் அதைக் கழட்டிப் பாத்து, என்ன பழுது எண்டு கடதாசியில எழுதித் தரவேணும். பேந்து நசுக்கிப் போடச் சொல்லு. இன்னொருத்தனுக்கு விக்கக் கூடாது.”

“கடதாசி என்னத்துக்கு? டொக்டர் சொன்னவர் எல்லோ, அப்பாக்கு நெஞ்சில மூண்டு இரத்தக் குழாயும் முதலே அடைபட்டிருந்தது எண்டு. கதிரையில இருந்தாலும் நடந்திருக்கும் அம்மா.”

“கதிரையில இருக்கேல்லையே. அவன் வித்த இரும்பில எல்லோ இருந்தவர்.”

அவள் குளிக்கப் போய்விட்டாள்.

திதிப்படி பெப்ரவரி 28 அவருக்கு ஆட்டைத் திவசம், முதல் வருடம். இங்கே இருக்கிற பதினொரு தமிழ்க் குடும்பமும் வரும். அந்தக் கடதாசியைத் தர்சிகாவைக் கொண்டு எல்லோர் முன்னாலும் வாசிப்பிக்க வேண்டும். அதற்குத்தான்.

ஜனவரி 14, புதன்

அவன் தள்ளிவிட்டுப் போன பனியைத் திரும்ப வாசலில் அள்ளிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஏழு நிமிடம் பிந்திவிட்டது.

ஜனவரி 17, சனி

குணசீலன் வந்தான். கதவை ஒரு சாண்தான் திறந்தேன்.

“அக்கா, ஸ்கூட்டரைக் கடைக்குக் குடுக்கப் போறியளாம்.”

“அதுக்கு உனக்கென்ன?”

“எனக்கே திருப்பித் தாங்கோவன். கடைக்காரன் தாறதை விட நான் கூடத் தாறன்.”

“என்ன, இன்னொரு அண்ணைக்கு விக்கப் போறியோ?”

அவன் முகம் சுருங்கியது. வயது ஐம்பத்தொன்று, அதற்குள் கிழவனாகிவிட்டான். மூக்கிலிருந்து நீர் வடிந்து மீசையில் உறைந்து கிடந்தது. பார்க்கக் குமட்டியது.

“நான் ஓடவும் மாட்டன், விக்கவும் மாட்டன். கொண்டுபோய் எறிஞ்சு போடுறன். கடைக்கு மட்டும் குடாதேங்கோ.”

கதவைச் சாத்தினேன். இது மூன்றாம் தரம். முதல் தரம் போன ஏப்ரலில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு ஒரு ஸ்க்ரூட்ரைவரைக் கொண்டுவந்து, மெஷின் மூடியைத் திறந்து பார்க்கப் போகிறேன் என்று ஸ்கூட்டர் நிற்கிற கொட்டிலடியில் நின்றான். பனி தள்ளுகிற மண்வெட்டியால் கலைத்தேன். அன்றைக்குப் போட்ட பூட்டுத்தான் இன்னும் தொங்குகிறது. இரண்டாம் தரம் ஓகஸ்டில் வந்து விலைக்குக் கேட்டான். இப்போது இது. கடைக்காரன் திறந்தால் தன் வண்டவாளம் வெளியில் வந்துவிடும் என்று பயப்படுகிறான். பயப்படட்டும். பயம் இருக்கிறவனிடம் பழுது இருக்கிறது.

ஜனவரி 21, புதன்

இரண்டு மாதத்துக்குப் பிறகு சூரியன் வந்தது. பதினைந்து நிமிடம், மலைக்கு மேலே ஒரு சீவல். இந்த ஊரில் அன்றைக்கு எல்லோருக்கும் பணிஸ், இனிப்பு ரொட்டி, கொடுப்பார்கள். கொம்பனியிலும் தந்தார்கள். நடுவில் மஞ்சள் கிறீம், சீழ் மாதிரி.

தட்டைக் கொண்டு வந்தது குணசீலன். அவன் பெட்டி தூக்குகிற வண்டி ஓட்டுகிறவன், இன்றைக்கு அவன் முறை போலிருக்கிறது. தமிழ்ச் சனம் யாரும் அவனோடு இப்போது ஒரு மேசையில் இருப்பதில்லை. நான் சொன்னதால்தான். தட்டை என் முன்னால் நீட்டினான். ஒன்றை எடுத்தேன். அவன் பார்க்கப் பார்க்கப் புழு வாளிக்குள் போட்டேன்.

பக்கத்தில் வேலை செய்கிற பவளமக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் அடுத்த மேசைக்குப் போனான்.

ஜனவரி 25, ஞாயிறு

தர்சிகா கொட்டிலைத் திறந்து ஸ்கூட்டரைத் துடைத்தாள். அழுக்கோடு கொடுத்தால் விலை குறைப்பானாம். வாசலில் நின்று பார்த்தேன். பெற்றோலும் பழைய மீன் இரத்தமும் சேர்ந்த நாற்றம். அவருடைய உடுப்பும் அப்படித்தான் மணக்கும். நான் அதை மற்ற உடுப்புகளோடு சேர்த்துத் தோய்ப்பதில்லை.

“அம்மா, உங்கட குங்குமம் இன்னும் கிடக்கு,” என்று கைபிடிக்குக் கீழே காட்டினாள்.

நாலு வருடத்துக்கு முந்தி அதை வாங்கி வந்த அன்றைக்கு வைத்த பொட்டு. வாகனம் வாங்கினால் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும். இதற்குச் சில்லு எங்கே? சறுக்குக் கட்டைக்கு ஒவ்வொன்று, பட்டிக்கு ஒன்று என்று மூன்று வைத்தேன். ஏறி ஓட்டினார். ஒன்றுகூட நசியவில்லை, மூன்றும் பனிக்குள் புதைந்து போனது. குணசீலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மே மாதம் பனி உருகின பிறகு முற்றத்தில் கறுத்துப்போய்க் கிடந்தன, ஆட்டுப் புழுக்கை மாதிரி.

கைபிடியில் மிளகாயும் பழமும் கோத்துக் கட்டினேன். அவர் அறுத்து எறிந்தார். “இதென்ன லொறியே? வெள்ளைக்காரன் சிரிப்பான். இனி இதில ஒண்டும் கட்டப்படாது, சொல்லிப்போட்டன்.”

அதற்குப் பிறகு கைபிடியில் நான் ஒன்றும் கட்டினதில்லை.

ஜனவரி 28, புதன்

திவசத்துக்கு அவருடைய பட்டு வேட்டியைத் தேடிப் பெட்டியைத் திறந்தேன். அடியில் என் கூறைச் சேலையும் தைத்து மிஞ்சின சிவப்புச் சட்டைத் துணியும். துணியில் ஒரு மூலை வெட்டியிருக்கிறது.

போன வருடம் தைப்பொங்கலுக்கு ஊரால் வந்த ஒருவரிடம் தங்கச்சி சந்நிதிக் கோயில் திருநீறும் நூலும் கொடுத்துவிட்டிருந்தாள். என் மனுசன் காற்றும் பனியும் பாராமல் குளம் குளம் என்று திரிகிறார் என்று நான் தொலைபேசியில் அழுததால் அனுப்பினாள்.

பெட்டியை மூடினேன். வேட்டியில் அந்துப்பூச்சி ஓட்டை போட்டிருக்கிறது.

ஜனவரி 31, சனி

தர்சிகா கடைக்குப் போன நேரம் கொட்டிலுக்குள் போனேன். ஸ்கூட்டருக்குள்ளிருந்து ஒரு சாமான் எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் கை படக்கூடாத சாமான், குப்பையில் போனால் பாவம். மூடியின் றப்பர்க் கொழுக்கி குளிரில் கல்லாகிக் கிடந்தது. போன வருடம் லேசாகக் கழன்றது. பல்லாலும் இழுத்துப் பார்த்தேன். வாய் முழுக்க எண்ணெய் நாற்றம்.

தர்சிகா வந்துவிட்டாள். “என்னம்மா செய்யிறியள்?”

“தூசு தட்டினனான்.”

போகட்டும். எடுக்கவில்லை.

பெப்ரவரி 7, சனி

கடைக்குக் கொண்டுபோனோம். தர்சிகா இழுவைப் பெட்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினாள், நான் காருக்குள் இருந்தேன்.

கடையில் புது ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. பச்சை, செம்மஞ்சள், கறுப்பு. முகமெல்லாம் வெட்டுக்கிளி மாதிரி. பெரிய பெரிய ஆம்பிளைகள் அவற்றின் இருக்கையை மாட்டைத் தடவுகிற மாதிரித் தடவிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் குனிந்து மணந்து பார்த்தான். எனக்கு வெளியே போய்த் துப்ப வேண்டும் போலிருந்தது.

கடைக்காரன் பெயர் ஒட்வார். விரலெல்லாம் கறுப்பு. தர்சிகா விசயத்தைச் சொன்னாள். மனுசன் இதில்தான் போனவர், அதனால் அம்மாவுக்கு என்ன பழுதென்று எழுத்தில் வேணும். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தான். பிறகு உள்ளே தள்ளிப் போய், கொழுக்கியில் சூடு காற்றுப் பிடித்து மூடியைத் திறந்தான்.

லைற்றை எடுத்து உள்ளே காட்டினான். ஒரு இடுக்கியை எடுத்தான். கறுப்பாக, எண்ணெய் ஊறி, ஒரு கைப்பிடி அளவில் ஏதோ ஒன்றை இழுத்து எடுத்துத் துணியில் போட்டான்.

“எலி,” என்றான். “குளிருக்கு இப்படித்தான் வந்து கூடு கட்டும். இந்தா பாருங்கள், மெஷின் காற்று இழுக்கிற வாயில் சரியாக அடைத்திருக்கிறது. காற்று இல்லாவிட்டால் எது ஓடும்?”

கத்தியால் கிளறினான். எலி இல்லை. துணி. அதற்குள் சாம்பல் நிறத்தில் களி, நடுவில் ஒரு நூல் முடிச்சு.

தர்சிகா என்னைப் பார்த்தாள். “அம்மா, இதென்ன?”

“எனக்குத் தெரியாது,” என்றேன்.

ஒட்வார் பழைய பெற்றோலைக் கொட்டிப் புதிதாக ஊற்றினான், ஒரு பிளக் மாற்றினான், கயிற்றைப் பிடித்தான். ஒரு இழுவை. இரண்டாம் இழுவையில் ஸ்டார்ட் வந்துவிட்டது. பதினொரு மாதம் கொட்டிலில் கிடந்தது, நேற்று நிறுத்தின மாதிரி நின்று உறுமியது. கடை முழுக்க நீலப் புகை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பின்னேரங்களில் கோழிக்கறியை அடுப்பில் வைத்துவிட்டு அந்தச் சத்தத்துக்குத்தான் காது கொடுத்துக்கொண்டு நிற்பேன்.

“அருமையான மெஷின்,” என்றான் ஒட்வார். “விற்றவர் நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறார். இதை நசுக்குவது பாவம்.”

கடதாசி எழுதினான். பழுது ஒன்றும் இல்லை. காற்றுக் குழாயில் வெளிச் சாமான் அடைப்பு. கீழே கையெழுத்து, முத்திரை. நான் கேட்டபடியே.

துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்தான். கையுறையை விட்டுவிட்டேன் என்று தர்சிகாவிடம் சொல்லித் திரும்பிப் போய், தொட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்து வந்தேன். கை இன்னும் மணக்கிறது. மூன்று தரம் சவுக்காரம் போட்டேன்.

வரும் வழி முழுக்க அவள் றோட்டையே பார்த்து ஓட்டினாள்.

பெப்ரவரி 8, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

லைற் மேசையில் பதினொரு மணிபோல் குமட்டி வாளிக்குள் சத்தி எடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தரம். மேற்பார்வை செய்கிற பெட்டை வீட்டுக்குப் போகச் சொன்னாள். போகவில்லை. வாளியைக் கழுவிவிட்டுத் திரும்ப நின்றேன். புழு எடுத்த துண்டுகளையே திரும்பத் திரும்ப லைற்றில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். பின்னால் மீன் குவிந்துவிட்டது என்று கத்தினார்கள்.

பெப்ரவரி 13, வெள்ளி

சாப்பாட்டு நேரம் பவளமக்கா கேட்டாள், “கடதாசி வந்ததோ?”

“வந்தது.”

“என்ன எழுதியிருக்கு?”

“நோர்வேயிய பாஷை. எனக்கு என்ன விளங்குது.”

“தர்சிகாவைக் கொண்டு வாசிப்பியுங்கோ. அண்டைக்கு எல்லாற்ற முன்னாலயும் அவன்ர முகத்திரை கிழியட்டும். ஆனா திவசத்துச் சாப்பாட்டுக்கு மட்டும் அவனை இருத்திப் போடாதேங்கோ. அந்த மூஞ்சையைப் பாத்தா எனக்குச் சோறு இறங்காது.”

அது என் வசனம். போன வருடம் அந்தியேட்டிக்கு நான் சொன்னது, அட்சரம் பிசகாமல். அவள் வாயில் சோற்றோடு சேர்ந்து வெளியே வந்தது. ஒரு பருக்கை என் கையில் விழுந்தது.

அங்கே, கதவோரத்து மேசையில் அவன் தனியே இருந்து பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது.

பெப்ரவரி 15, ஞாயிறு

காலை மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எழும்பிக் கதவைத் திறந்தேன். குணசீலன் பயந்துபோய் இரண்டடி பின்னால் போனான். மண்வெட்டியை நான் பறிப்பேன் என்று நினைத்திருப்பான்.

“உள்ள வா.”

“இல்லை அக்கா. சப்பாத்து ஈரம்.”

“ஈரத்தோட வா.”

குசினிக்குள் வந்தான். அவருடைய கதிரையில் இருக்காமல் கதவுக்குப் பக்கத்து முக்காலியில் இருந்தான். நான் பிளாஸ்டிக் பையை அவிழ்த்து அதை மேசையில் வைத்தேன். கறுத்த கந்தல், ஒரு ஓரத்தில் மட்டும் இன்னும் சிவப்பு.

அவன் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

காலங்காத்தால் ஒருவனைக் கூப்பிட்டு இருத்தி, எண்ணெய் ஊறின கந்தலை முன்னால் வைத்தால், இது என்ன என்று கேட்பான். யாராயிருந்தாலும் கேட்பான். குணசீலன் கேட்கவில்லை.

“உனக்கு எப்ப தெரியும்?”

சப்பாத்தில் ஒட்டின பனியைத் தட்டினான்.

“உன்னைத்தான் கேக்கிறன்.”

“அண்ணையைத் தேடிப் போன அண்டைக்கே,” என்றான். “ஸ்டார்ட் வருதோ எண்டு பாக்கத்தான் மூடியைத் திறந்தன். இது ஐஸ் பிடிச்சு இறுகிக் கிடந்தது, நூலைக் கண்டவுடன உங்கட கட்டு எண்டு விளங்கினது. இழுத்தன், வரேல்லை. பொலிஸ்காரன் பக்கத்தில வந்திட்டான். மூடிப் போட்டன்.”

“அப்ப ஏப்ரலில ஸ்க்ரூட்ரைவரோட வந்தது?”

“எடுத்து எறிவம் எண்டு.”

“விலைக்குக் கேட்டதும் இதுக்கோ?”

தலையை ஆட்டினான்.

“நான் உன்னை மண்வெட்டியால அடிக்க வந்தனான்.”

“வந்தனீங்கள் இல்லை அக்கா. அடிச்சனீங்கள்.” தோளைத் தொட்டுக் காட்டினான். “ரெண்டு கிழமை கை தூக்கேலாமல் கிடந்தது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற வாயால் எச்சில் வடிந்தது, துடைத்தேன்.

“ஏனடா சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? அண்ணைக்கு மூண்டு குழாயும் அடைப்பு. நீங்கள் என்னைத் திட்டினீங்கள். திட்டிக்கொண்டு எழும்பினீங்கள், வேலைக்குப் போனீங்கள், சமைச்சீங்கள். இதைச் சொல்லியிருந்தா எழும்பியிருப்பியளே?”

பொய் எழுதக் கூடாது. எனக்கு நன்றி வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. பதினொரு மாதம் என் பீயை இவன் தன் தலையில் சுமந்துகொண்டு என் வாசலையும் கூட்டியிருக்கிறான். அந்த நீர் வடிகிற மூக்கைப் பார்க்க முடியவில்லை. தேத்தண்ணி போட எழும்பி முதுகு காட்டி நின்றேன். கேத்தில் கொதிக்கிற வரைக்கும் நின்ற பிறகுதான், நாறுவது அவன் இல்லை என்று தெரிந்தது.

“அதை அடுப்பில போடுங்கோ அக்கா. ஒருத்தருக்கும் தெரியாது.”

“இருபத்தெட்டாம் திகதி வேட்டியோட வா.”

“என்னத்துக்கு?”

“திவசம் செய்ய ஆர் இருக்கிறது? உன்ர அண்ணை தனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை, எல்லாம் குணசீலன் செய்வான் எண்டு சொல்லிச் சொல்லித்தான் திரிஞ்சவர். அந்தியேட்டிக்குப் பவளமக்கான்ர மனுசனை இருத்தினன். அந்தாளுக்கு முழங்கால் மடங்கேல்லை, ஐயருக்குப் பக்கத்தில காலை நீட்டிக்கொண்டு இருந்தது.”

தேத்தண்ணியைக் குடித்தான். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு உறிஞ்சினான். முந்தியும் அப்படித்தான் உறிஞ்சுவான். எனக்கு அப்பவும் பிடிக்காது.

பெப்ரவரி 28, சனி

திவசம் முடிந்தது. உடம்பெல்லாம் நோ. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

ஒஸ்லோவிலிருந்து ஐயர் முதல் விமானத்தில் வந்தார். வாழைக்காயும் பூசணிக்காயும் அவரோடுதான் வந்தன, வாழைக்காய் குளிரில் கறுத்துக் கொழகொழவென்று போய்விட்டது. பதினொரு குடும்பமும் வந்தது. குணசீலன் வேட்டியோடு வாசலில் நின்றான். யாரும் அவனுக்கு வழி விடவில்லை. ஓடவும் முடியாமல் உள்ளே வரவும் முடியாமல் சப்பாத்துக் குவியலுக்கு நடுவில் நின்றான்.

ஐயர், “யார் இருக்கிறது?” என்றார்.

பவளமக்காவின் மனுசன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பத் தொடங்கினார்.

“நீங்கள் இருங்கோ,” என்றேன். “குணசீலன், வா.”

பவளமக்கா என் காதுக்குள் சொன்னாள், “விசரே உங்களுக்கு? கடதாசி எங்க?”

கடதாசி என் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. அவிழ்த்தேன். வாசிக்கத் தர்சிகாவைக் கூப்பிட நினைத்திருந்தேன். கூப்பிடவில்லை. எனக்கே மனப்பாடம்.

“ஸ்கூட்டரில ஒரு பழுதும் இல்லை எண்டு எழுதியிருக்கு,” என்றேன். “காத்துப் போற வாயில ஒரு திருநீற்றுப் பை அடைச்சிருந்ததாம். அது நான் தைச்ச பை. அவர் வேண்டாமெண்டு சொன்னவர். அவருக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ள கட்டினது நான். இவனுக்கு உங்களிட்ட நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத்தான். எடுத்து எனக்குச் சொல்லுங்கோ.”

யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தர்சிகா எள்ளுத் தட்டோடு வந்து பக்கத்தில் தோள் முட்ட நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, கடையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று விளங்கியது. மூன்று கிழமை பொறுத்திருக்கிறாள். இவர்கள் எல்லோரும் எங்கே பழகினார்கள் இந்தப் பொறுமையை?

பவளமக்கா மூக்கை உறிஞ்சினாள். “ஐயோ பிள்ளை, காக்கட்டும் எண்டுதானே வைச்சனீங்கள்.”

“காக்கட்டும் எண்டுதான் வைச்சனான்.”

ஐயர் தர்ப்பையை எடுத்து, “நேரம் போகுது, இருங்கோ,” என்றார். குணசீலன் இருந்தான். ஐயர் அவருடைய பேரைச் சொல்லச் சொன்னார். மூன்றாம் தரம்தான் “தில்லையம்பலம்” என்று வெளியே வந்தது.

முதல் பந்தியில் அவனை நடுவில் இருத்திச் சோறு போட்டேன். பவளமக்கா அவனுக்கு எதிரே இருந்தாள். சோறு இறங்கியது. இரண்டு தரம் வாங்கினாள்.

மார்ச் 1, ஞாயிறு

தலையிடி. அண்டாக்களைக் கழுவவில்லை. புளித்த நாற்றம்.

மார்ச் 3, செவ்வாய்

புது ஸ்கூட்டர் வந்தது. பச்சை நிறம். கடையில் பார்த்த அதே வெட்டுக்கிளி முகம். பட்டனை அமத்தினாள், பெரிய சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் வந்தது. சத்தம் இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்?

“பழசு வித்துப் போச்சாம் அம்மா. பனிமான் மேய்க்கிற ஒரு மனுசி வாங்கினவவாம்.”

“ஓடுதாமோ?”

“நல்லா ஓடுதாம்.”

“ஓடட்டும்.”

பவளமக்கா எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். குணசீலனும் வந்தான். “அக்கா, பனிக்கு மேல வைச்சா இந்த முறையும் புதையும்,” என்று ஒரு பலகைத் துண்டைக் கொண்டு வந்திருந்தான். பலகையைப் போட்டு, இரண்டு கட்டைக்கும் முன்னால் இரண்டு பழம் வைத்தேன், எல்லோரும் பார்க்கும்படி. தர்சிகா ஏறி ஓட்டினாள். சதக் என்று நசிந்து சாறு பனியில் தெறித்தது. மஞ்சளாக, நாய் மூத்திரம் பெய்த மாதிரி. குணசீலன் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து ஒரு வருடமாகிறது.

அவள் மலைப் பக்கம் திருப்பப் போனாள். கை காட்டி நிறுத்தினேன்.

“மூடியைத் திற.”

“புதுசம்மா இது. இப்பத்தான் கடையில இருந்து வந்தது.”

“திற.”

திறந்தாள். கழுத்தை நீட்டிப் பார்த்தேன். லைற் வேணும் என்றேன். குணசீலன் தன் தொலைபேசி லைற்றைப் பிடித்தான். குழாய், வயர், பளபளவென்று இரும்பு. காற்று இழுக்கிற வாய் எது என்று கேட்டேன், காட்டினான். கையுறையைக் கழற்றிவிட்டு விரலை விட்டுத் தடவினேன்.

ஒன்றும் இல்லை. மூடச் சொன்னேன்.